சுங்கத்தில் மாட்டிய புஸ்வாணம்

1

இந்த வருடம் பூரிம் பண்டிகைக்கு என் மகள் கயல் சுங்க அதிகாரி வேடம் போடப்போகிறாளாம். எட்டு வயதாகிறது. சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, நீலச் சட்டை, ஒரு ரப்பர் ஸ்டாம்பு என்று பட்டியல் கொடுத்துவிட்டாள். பட்டியலின் கடைசி வரி: 'சிரிக்கக் கூடாது.' அவள் தம்பி அருளுக்கு ஐந்து வயது. அவன் மோப்ப நாய். வாலுக்கு அப்பாவின் பழைய பெல்ட் வேண்டுமாம். பழைய பெல்ட் என்று அவன் கை காட்டுவது நான் இப்போது இடுப்பில் கட்டியிருப்பதை.

மற்ற வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாம் ராணி வேடம் போடும்போது இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். நானும் செல்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். செல்வி என் மனைவி, சாத்தூர்க்காரி. பேச வேண்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து வட்டியும் முதலுமாகப் பேசுகிறவள். அன்றும் வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்: "அந்தக் கதையை எழுதிப் போடுங்க. ஊர்ல உள்ளவுகளாவது சிரிக்கட்டும்."

எழுதுகிறேன். நடந்து மூன்று வருடம் ஆகிறது.

2

நாங்கள் குடியிருப்பது இஸ்ரேலின் தெற்கே, பேர்ஷெவா என்னும் பாலைவன ஊரில். எனக்குச் சொட்டுநீர்ப் பாசன ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. வந்த புதிதில் கூடத்துத் தலைவர் மிகுந்த அக்கறையோடு, "இங்கே வெயில் அதிகம், தாங்குவீர்களா?" என்று கேட்டார். எங்கள் பட்டாசு ஊரான எம். புதுப்பட்டியில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "முயற்சி செய்கிறேன்" என்று அடக்கமாகச் சொல்லி வைத்தேன்.

பூரிம் யூதர்களின் வசந்தகாலப் பண்டிகை. முன்னொரு காலத்தில் பாரசீக நாட்டில் ஆமான் என்றொரு மந்திரி இருந்தானாம். யூதர்களைக் கூண்டோடு அழிக்க ராஜாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான். எஸ்தர் என்ற ராணி துணிந்து போய் ராஜாவிடம் பேசித் தன் சனத்தைக் காப்பாற்றினாள். கெட்டவன் ஒழிந்தான், ஊர் பிழைத்தது. நமக்கு நரகாசுரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். இவர்கள் வேடம் போடுகிறார்கள். சின்னப்பிள்ளைகள் மட்டுமல்ல, வங்கியில் பணம் எண்ணுகிறவர்கூட அன்றைக்கு முயல்காது வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு போகும். முதல் வருடம் செல்வி ஊரிலிருந்து கொண்டுவந்த காராசேவைத் தட்டில் வைத்து அனுப்பினாள். எதிர்வீட்டுக்காரர் கண்ணெல்லாம் நீர் வழிய வந்து நன்றி சொன்னார். நன்றியினால் வந்த நீர் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

முக்கியமான சடங்கு இனிமேல்தான் வருகிறது. எஸ்தரின் கதையைச் சபையில் உரக்க வாசிப்பார்கள். ஆமான் என்ற பெயர் வரும்போதெல்லாம், அந்தப் பெயரே காதில் விழாதபடி எல்லோரும் சத்தம் எழுப்ப வேண்டும். கிலுகிலுப்பையைச் சுற்றுவார்கள், தகர டப்பாவைத் தட்டுவார்கள், தரையை உதைப்பார்கள். தெருவில் பையன்கள் பொட்டுவெடித் துப்பாக்கியோடு திரிவார்கள். வெடி போடாதீர்கள் என்று போலீஸ் அறிவிப்பு வரும். அதைப் படித்ததும்தான் வெடி போட வேண்டும் என்ற ஞாபகமே பலருக்கு வரும்.

எங்கள் வீட்டுப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. கயலுக்குச் சத்தம் என்றால் பயம்.

3

சாதாரணப் பயம் இல்லை. குக்கர் விசில் அடித்தால் அடுத்த அறைக்கு ஓடுவாள். பலூனைக் கண்டால் அதைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது, அருளுக்கு இரண்டு. முந்தைய தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். என் அக்கா வீட்டு வாசலில் முதல் சரம் வெடித்ததுதான் தாமதம், பிள்ளை அக்காவின் சேலைக்குள் புகுந்துவிட்டது. பட்டாசு ஊர்க்காரன் மகள் பட்டாசுக்குப் பயப்படுகிறாள் என்று புதுப்பட்டியே கூடிச் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சரத்துக்கு நானும் திடுக்கிட்டேன். ஆனால் எனக்கு ஒளிந்துகொள்ளச் சேலை இல்லை.

சேலைக்குள்ளிருந்து அவளை வெளியே கொண்டுவந்தது ஒரு புஸ்வாணம். அக்கா பற்றவைத்தாள். தங்கத் தூறலாக மேலே எழும்பி, ஆளுயரம் போய், பூவாக உதிர்ந்து, தானாக அடங்கியது. கயல் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொரு கண்ணை.

"இது கத்தலை" என்றாள். "இது நல்ல வெடி."

நான்கு மாதம் கழித்துப் பாலர் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. பூரிம் கொண்டாட்டம், எல்லோரும் வேடத்தோடு வரவும், கிலுகிலுப்பை கொண்டு வரவும். கயல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நான் வரமாட்டேன்" என்றாள். அவளுடைய ஆசிரியை ரூத்தி வீட்டுக்கே வந்து கெஞ்சினார். பதினோரு பெண்பிள்ளைகளில் பத்துப் பேர் எஸ்தர் ராணி, நீயும் ராணியாகலாமே என்றார். "ராணி இருக்கிற இடத்தில்தான் சத்தம்" என்றாள் கயல். பதில் எபிரேயத்தில் வந்தது. அந்த வருடம் அவளுக்கு எல்லாமே எபிரேயத்தில்தான் வந்தது. கீழே விழுந்தால்கூட எந்த மொழியில் அழுகிறாள் என்று ஒளிந்திருந்து கேட்பேன். எபிரேயத்தில்தான் அழுவாள். அது எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதே சமயம், இந்த ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுகிற ஒரே நாளில் இவள் மட்டும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதும் கஷ்டமாக இருந்தது. ஆக எப்படிப் போனாலும் எனக்குக் கஷ்டம். புலம்பெயர்ந்தவனுக்கு இது ஒரு வசதி.

செல்விதான் வழி கண்டுபிடித்தாள். "உனக்கு என்னவா இருந்தா பயம் இருக்காது?" என்று கேட்டாள்.

கயல் யோசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "புஸ்வாணம்."

4

அட்டையும் பசையும் வாங்கி வந்து நானே ஒரு புஸ்வாணம் செய்தேன். கயல் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ரோடு வேலை நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் கூம்பு என்றாள். வாஸ்தவம்தான். அப்படித்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் மாரியக்காவுக்குப் போன் போட்டேன். மாரியம்மாள் என் ஒரே அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள். அதாவது ஒற்றை வெடிகளை வரிசையாக வைத்து, திரியோடு திரி சேர்த்து, ஆயிரம் வெடி ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி பின்ன வேண்டும். அவளுக்கு அப்போதுதான் செல்போன் வந்திருந்தது. அவளைப் பிடிக்க நான் ஒரு வெளிநாட்டுப் போன் கார்டைச் சுரண்டி, அதில் உள்ள எண்களையெல்லாம் அழுத்தி, ஒரு பெண்குரல் எபிரேயத்தில் வாழ்த்துச் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு இணைப்புக் கிடைத்தால், அக்கா காதில் வைக்க வேண்டியதை வாயில் வைத்துக்கொண்டிருப்பாள்.

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பயப்படட்டும்லே, அவளை வையாத" என்றாள். "வெடிக்குப் பயப்படாதவன்தாம்லே எங்களுக்கு ஆகாது. பட்டப்பகல்ல டமார்னு ஒரு சத்தம் கேட்டா, நாங்க அம்புட்டுப் பேரும் பின்னுனதைப் போட்டுட்டு எந்த ரூம்ல புகை வருதுன்னுதான் பார்க்கோம். எனக்கே பயந்தான். அவகிட்ட சொல்லு, அத்தைக்கும் பயந்தான்னு."

எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. நான் படித்துத் தப்பித்தவன்.

அவள் உடனே வியாபாரப் பேச்சுக்கு வந்துவிட்டாள். "சரி, ஆர்டர் எடுத்தாச்சு. என்ன சைஸு? ஸ்மாலா, ஸ்பெஷலா, ஜெயண்டா?"

"அக்கா, பிள்ளைக்குச் சட்டைக்கா. மூணே முக்கா அடி."

"அப்ப ஜெயண்டு. சீசன் இல்லாத நேரத்துல ஆர்டர் குடுக்க. பத்து நாள்ல லோடு ஏத்திருதேன், போ."

விருதுநகரில் ஹனீபா பாய் கடைக்குப் போய் ஜிகினாத் தாள் வாங்கியிருக்கிறாள். அவர் லேபிள், தாள், அட்டை வியாபாரம். கடையில் பேக்ஸ் மெஷினும் உண்டு. கம்பெனிகளுக்கு இங்கிலீஷ் கடிதம் அடித்துக் கொடுப்பதும் அவர்தான். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

பத்தாம் நாள் அக்கா போன் செய்தாள். பார்சல் போய்விட்டது. தபாலாபீசில் கேட்டபடி பெட்டிக்கு வெள்ளைத் துணி சுற்றி, நாலு பக்கமும் தைத்து, அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. எல்லாம் சட்டப்படி.

பெட்டி என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை. இங்கேதான் தப்பு நடந்தது. புதுப்பட்டியில் பிறந்த எவனும் அதைக் கேட்டிருக்க மாட்டான். எங்கள் ஊரில் பெட்டி என்றாலே வெடிப்பெட்டிதான். என் மார்க் ஷீட் இருந்தது வெடிப்பெட்டியில். அக்காவின் கல்யாணச் சேலை இன்றும் இருப்பது வெடிப்பெட்டியில். பெட்டி நன்றாக இருக்கிறதா, ஓரம் கிழியாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்போமே தவிர, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்ததில்லை.

இஸ்ரேலியச் சுங்கத்துறை துணியைப் பிரித்ததும் முதலில் வாசித்தது அதைத்தான்.

5

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் வந்தது. ஒரு பெண்மணி. குரலில் கோபமே இல்லை, அதனால்தான் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உங்கள் பெயருக்கு இந்தியாவிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது. பெட்டியில் அணுகுண்டு என்று அச்சடித்திருக்கிறது. முந்நூறு எண்ணம் என்றும் போட்டிருக்கிறது. பக்கவாட்டில் குடைக்காளான் மாதிரி புகை எழும்பும் படம். இதைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

சொல்ல விரும்பினேன். ஆனால் என் எபிரேயம் அந்த உயரத்துக்கு வளரவில்லை. பட்டாசு என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. குண்டு என்பதற்குத் தெரியும், தினமும் செய்தியில் கேட்பதுதான். ஆகவே, "என் அக்கா குண்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், இது குழந்தைக்காக அனுப்பியது" என்று தெளிவாகச் சொன்னேன்.

என் மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண்மணி ஆங்கிலத்துக்கு மாறினார். அனுப்பியவரிடமிருந்து எழுத்தில் விளக்கம் வர வேண்டும், பேக்ஸ் எண் இது, அப்புறம் நேரில் வாருங்கள் என்றார். பூரிமுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கயல் என் முன்னால் வந்து நின்று, "புஸ்வாணம் வரலேன்னா நான் போகமாட்டேன். நீங்க சத்தியம் பண்ணினீங்க" என்றாள். இதையும் தமிழில்தான் சொன்னாள். மிரட்டுவதற்கு அவள் எப்போதும் தமிழைத்தான் எடுப்பாள்.

அக்காவுக்கு விஷயம் போனது. முதலில், "சூலக்கரையில கலெக்டர் ஆபீசுக்கே போயி எழுதி வாங்கிருவேன்" என்று குதித்தாள். அப்புறம் பிள்ளைக்காக இருக்கன்குடி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அதற்கும் அப்புறம் நிதானத்துக்கு வந்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினாள். சாயங்காலம் ஹனீபா பாயே கடையிலிருந்து பேசினார்.

"தம்பி, நல்லா இருக்கீகளா? பிள்ளைக சுகமா? ஒண்ணும் கவலைப்படாதீக. தங்கச்சி வந்து எல்லாம் சொல்லுச்சு. நான் அருமையா அடிச்சு அனுப்பிட்டேன். முப்பது வருசமா கம்பெனிக்காரங்களுக்கு அடிச்சுக் குடுத்த கையி இது. ஒரு சரக்குகூடத் திரும்பி வந்ததில்ல."

கம்பெனிக்காரங்களுக்கு அடித்த கை என்றதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

6

பள்ளிக் கொண்டாட்டத்துக்கு முதல் நாள் காலை சுங்கக் கிடங்குக்குப் போனேன். அருளுக்குக் காய்ச்சல், செல்வியால் நகர முடியாது. அதனால் கயலையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். போனில் பேசிய பெண்மணிதான் எங்கள் கோப்போடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி, சங்கிலியில் மார்பில் தொங்கியது. சிரிப்பு என்பதே முகத்தில் கிடையாது. கயல் அவருக்குக் கண்ணாடியம்மா என்று பெயர் வைத்தாள். கண்ணாடியம்மா பேக்ஸை என் முன்னால் வைத்தார். ஹனீபா பாயின் இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'சரக்கு: புஸ்வாணம். ரகம்: சிறுமி. எண்ணிக்கை: ஒன்று. வெடிமருந்து எடை: இல்லை. பற்றவைக்கும் முறை: பற்றவைக்கக் கூடாது. காலாவதி: பிள்ளை வளரும் வரை. மேற்படி சரக்கு எங்கள் நேரடிப் பார்வையில் தயாரானது, தரத்துக்கு உத்தரவாதம்.'

"இதில் எனக்குப் புரியாத இடம் ஒன்றுதான்" என்றார் கண்ணாடியம்மா. "ரகம், சிறுமி."

நான் கயலைக் கை காட்டினேன். வேறென்ன செய்வது?

பெட்டி வந்தது. திறப்பதற்கு முன்னால் ஒரு மோப்ப நாய் வந்து, பெட்டியைச் சுற்றி நடந்து, உட்கார்ந்துவிட்டது. நாய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். நல்ல அர்த்தம் இல்லை என்றார்கள். கையுறை போட்ட ஓர் இளைஞன் உள்ளேயிருந்து அதை மெதுவாக வெளியே எடுத்தான்.

கடவுளே, என்ன அழகு! கீழே அகன்று மேலே குறுகும் சிவப்புச் சட்டை, அதில் வரிவரியாக ஜிகினாத் தாள். தலைக்குக் கூம்புக் குல்லா. அதன் உச்சியில் பச்சைத் திரி. நெஞ்சில் அசல் கம்பெனி லேபிள் மாதிரி ஒன்றை ஒட்டி, அதில் தமிழிலும் இங்கிலீஷிலும் 'பற்றவைத்ததும் தூர விலகி நிற்கவும்'. அக்கா ஒன்றையும் விடவில்லை. எனக்குப் பெருமை பொங்கியது. அந்த அறையில் பெருமைப்பட்டவன் நான் ஒருவன்தான்.

திரியை வெட்டிப் பார்த்தார்கள். வெறும் நூல். குல்லாவின் இரண்டு பக்கமும் ஏதோ புடைப்பாக இருந்தது. தையலைப் பிரித்தார்கள். பஞ்சு. ஏன் அங்கே பஞ்சு என்று கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை, அழகுக்காக இருக்கும் என்றேன். சட்டையின் உள்பையில் பொடிப்பொடியாக நறுக்கிய தங்கத் தாள். கடைசியாக ஒரு சின்னத் துணியால் சட்டை முழுவதும் துடைத்து, அந்தத் துணியை ஒரு இயந்திரத்துக்குள் விட்டார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுபடி துடைத்தார்கள். மறுபடி சிவப்பு. தாளில் இல்லை, லேபிளில் இல்லை. தையல் ஓடிய இடமெல்லாம் வெடிமருந்துத் தடயம் என்றது இயந்திரம். கயல் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இயந்திரம் பொய் சொல்லாது" என்றார் கண்ணாடியம்மா. "இதைத் தைத்தது யார்?"

"என் அக்கா."

"அவருடைய வேலை என்ன? சரியாகச் சொல்லுங்கள். போனில் சொன்ன மாதிரி வேண்டாம்."

சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாத இடத்தில் விரலால் காட்டினேன். பள்ளி விடுமுறைகளில் நானும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவன்தான். இருபது வருடமாகியும் விரல் மறக்கவில்லை. திரியை எடுத்து, மடக்கி, அடுத்த வெடியின் திரியோடு கோத்து, இழுத்து, மறுபடி எடுத்து. காற்றில் பின்னிக் காட்டினேன். கண்ணாடியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் விரல்களையே பார்த்தார்.

"கையுறை?" என்று கேட்டார்.

"போட்டால் திரி பிடிபடாது."

"எத்தனை வருடமாக?"

"இருபத்து மூன்று வருடம்."

அவர் இயந்திரத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு கயல் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் முறையாக எபிரேயத்தில் பேசினார். "இது சட்டைதான் என்றால், போட்டுக் காட்டு."

கயல் போட்டாள். அளவு அப்படியே பொருந்தியது. சுங்கக் கிடங்கின் நடுவில், கையுறை போட்ட இளைஞனுக்கும் நாய்க்கும் முன்னால், மூணே முக்கால் அடிப் புஸ்வாணம் ஒன்று நின்றது. "நான் கத்தமாட்டேன்" என்று கண்ணாடியம்மாவுக்கு உறுதிமொழி கொடுத்தாள். "நான் நல்ல வெடி."

கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. படிவத்தை இழுத்து எழுதினார். பொருள்: பூரிம் உடை. தடயத்தின் மூலம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியதை எனக்கு உரக்கவும் வாசித்துக் காட்டினார்: 'தைத்தவரின் கைகள்.' ஓங்கி முத்திரை குத்தி, நகலை என்னிடம் கொடுத்தார்.

"சட்டையைக் கொண்டு போகலாம். பெட்டி மட்டும் இங்கே இருக்கட்டும்."

ரயிலில் கயல் தூங்கிவிட்டாள், குல்லாவோடு. நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்த பட்டாளத்துப் பையன் எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டை நீட்டினான்.

7

கொண்டாட்டம் மறுநாள் காலை. சுங்கத்தில் பிரித்த தையலைச் செல்வி இரவே மறுபடி போட்டிருந்தாள். ராணிகள் பத்துப் பேர், சிங்கம் மூன்று, போலீஸ்காரன் இரண்டு, நடுவில் எங்கள் புஸ்வாணம். காய்ச்சல் விட்டு எழுந்த அருள், தலையில் இட்லிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தான். என்ன வேடம் என்று யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும்.

ரூத்தி வாசிக்கத் தொடங்கினார். கயல் செல்வியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். ஆமான் பெயர் வந்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். நான் பயந்தது போல அவள் ஓடவில்லை. இரண்டு கையாலும் குல்லாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அக்கா வைத்துத் தைத்த பஞ்சு இரண்டு காதிலும் சரியாக வந்து உட்கார்ந்தது.

அதற்குத்தானா அந்தப் பஞ்சு! வைக்கச் சொல்லி யாரும் அக்காவிடம் கேட்கவில்லை. பயப்படட்டும் என்று சொன்னவள், பயப்படுவதற்கு ஏற்பாடும் செய்து அனுப்பியிருக்கிறாள்.

இரண்டாவது முறை பெயர் வந்தபோது கயல் உள்பையில் கைவிட்டு, ஒரு பிடி தங்கத் தாளை எடுத்து மேலே வீசினாள். தலைக்கு மேல் எழும்பி, பளபளவென்று ராணிகள் மேல் உதிர்ந்தது. மூன்றாவது முறை பாதிப் பிள்ளைகள் கிலுகிலுப்பையைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் கை நீட்டி நின்றார்கள். நான்காவது முறை ரூத்தி ஆமான் என்றார். சத்தமே இல்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். எல்லோரும் தங்கத் தாள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் ஆமான் எங்கள் பாலர் பள்ளியில் வசவு வாங்காமல் தப்பித்துவிட்டான்.

8

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள்.

"போனாளாலே? நின்னாளா?" என்றுதான் எடுத்ததும் கேட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

"பெட்டியைக் கேட்டு வாங்கிட்டு வந்தியா?"

"அதைத் தரமாட்டேன்னுட்டாங்கக்கா."

"நல்ல பெட்டிலே அது! ஓரம் கிழியாத பெட்டி!" உண்மையாகவே வருத்தப்பட்டாள். அப்புறம் குரலைத் தணித்துக் கேட்டாள். "ஏலே, சட்டையில அழுக்கு கிழுக்கு ஒட்டியிருந்துச்சா? மூணு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டுத்தான் ஊசியைத் தொட்டேன். வெளிநாட்டுல பார்க்குறவுக என்ன நினைப்பாகளோன்னு இருந்துச்சு."

"இல்லக்கா. சுத்தமா வந்துச்சு" என்றேன். என் சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது.

கயல் போனைப் பிடுங்கினாள். "அத்தை! ஒரு மிஷின் இருந்தது. சிவப்பு லைட் போட்டது. அது உங்க கையைக் கண்டுபிடிச்சுருச்சு!"

நான் பதறிப்போய் போனை வாங்கினேன். வேறு வழியில்லை, மீதியைச் சொன்னேன். மருந்துத் தடயம், படிவம், அதில் எழுதியிருப்பது. கார்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"அதுல என் கைன்னு எழுதியிருக்காகளா?"

"ஆமாக்கா. முத்திரை குத்தியிருக்கு."

"இருபத்து மூணு வருசமா இந்தக் கையி கம்பெனியில கெடந்து பின்னுதுலே. மேனேசரு சரத்தைப் பார்ப்பாரு, நோட்டைப் பார்ப்பாரு. என் கையை ஒரு நாளும் பார்த்ததில்ல. அம்புட்டுத் தூரத்துல கெடக்குற மிஷினு பார்த்திருச்சாக்கும்!" என்றாள். சிரிக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "அந்தக் காயிதத்தைப் பத்திரமா வையி. ஊருக்கு வரையில எடுத்துட்டு வா. மேனேசருகிட்ட காட்டணும்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்களால் ஊருக்கு வர முடியவில்லை. ஒவ்வொரு போனிலும் பிள்ளைகளை விசாரிக்கிறாளோ இல்லையோ, காயிதம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுவாள். இந்தக் கோடை விடுமுறைக்கு டிக்கெட் போட்டாயிற்று. நேற்றுப் பாஸ்போர்ட்டுகளோடு அந்தத் தாளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். கயல் தன் வேடத்துக்கு வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, சிரிக்காமல் முழுவதும் வாசித்தாள். பிறகு தன் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி, பழைய முத்திரைக்குப் பக்கத்தில் ஓங்கி ஒன்று குத்தினாள்.